இரண்டாவது நிர்வாகி

அக்டோபர் 25, செவ்வாய்

காலையில் உட்கார்ந்தபோது நாற்பத்து மூன்று புகார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் முப்பத்தொன்றை மூடிவிட்டேன். ராட்கா பார்த்தால் வேகம் இருக்கிறது, மரியாதை எங்கே என்பாள். மரியாதை எல்லாம் குழுத் தலைவியான அவளுடைய வேலை. என் வேலை ஒன்றுதான்: ஒரு கணினியில் யார் நிர்வாகி, யார் சாதாரணப் பயனர் என்று எங்கள் மென்பொருள் முடிவு செய்கிற இடம்.

இதை ஏதோ பெரிய மர்மம் என்று நினைக்கிறார்கள். ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உன் பெயர் இருந்தால் நீ நிர்வாகி, இல்லாவிட்டால் இல்லை. உன் வயது, பதவி, கணினியை யார் வாங்கினார்கள், எதுவும் அதற்குத் தெரியாது. முதன்முதலில் கணினியை அமைக்கும்போது யார் கணக்குத் தொடங்குகிறாரோ அவர் பெயர் தானாகப் பட்டியலில் ஏறும். அப்புறம் அவர் யாரைச் சேர்க்கிறாரோ அவர்கள். அவ்வளவுதான். இதை ஒரு நாளைக்கு ஐந்து முறை எழுதுகிறேன்.

இன்று ஓர் ஊர்த் தலைவி எழுதியிருந்தார். பிளாங்கா கோட்னா. ஊர் பியெல்கா, எங்கள் புர்னோ நகரிலிருந்து வடமேற்கே எங்கேயோ. ஒரு பக்கத்துக்குக் கதை. தேர்தல் முடிந்து பதினேழாம் தேதி இவர் பதவி ஏற்றிருக்கிறார். அலுவலகத்தில் இருக்கிற ஒரே கணினியில் இன்னும் சாதாரணப் பயனர்தான். மின்னணுக் கையெழுத்து அட்டைக்கான மென்பொருளைப் போட முடியவில்லை. மாவட்டத்துக் கணினிக்காரர் டிசம்பருக்கு முன்னால் வர மாட்டாராம். பழைய தலைவர் வர்சால், தன் நிர்வாகி உரிமையைத் தானே நீக்கிவிட்டதாகவும் அதற்குப் பிறகு கணினி ஒத்துழைக்கவில்லை என்றும் சொல்கிறாராம்.

'இது பிழை அல்ல. உங்கள் நிர்வாகியைக் கேளுங்கள்' என்று பதில் போட்டு மூடினேன்.

பத்தே நிமிடத்தில் திரும்ப வந்தது: 'நான்தான் நிர்வாகி. ஏழு பேர் மன்றத்தில் நான்கு பேர் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் மென்பொருளுக்கு எத்தனை கை வேண்டும்?'

சிரிப்பு வந்தது. ஆனாலும் விளக்கமாகவே எழுதினேன்: 'கடைசி நிர்வாகி தன்னைத்தானே நீக்கிக்கொள்ள எங்கள் மென்பொருள் விடாது. நீங்கள் சொல்வதுபோல் நடந்திருக்கவே முடியாது. நடந்ததாக ஒருவர் சொன்னால், அவர் பாஸ்வேர்டைத் தர விரும்பவில்லை என்று பொருள்.' கீழே முழுப் பெயர், மூத்த பொறியாளர், புர்னோ. அந்தத் தடையை இரண்டு வருடம் முன்னால் எழுதியதே நான். என்னைவிட யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 26, புதன்

மழை. டிராமில் நின்றுகொண்டே வந்தேன். பதினெட்டு மூடினேன்.

அக்டோபர் 27, வியாழன்

ராட்கா என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"டேய் ஹினெக், அந்தத் தலைவியம்மாவுக்கு என்ன எழுதி வெச்சிருக்க?"

"உண்மைய."

"கடைசி வரியும் உண்மையா? அந்த ஆளு மனசுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"வேற வழியே கிடையாது ராட்கா. புரோகிராம் விடாது."

"யாரு எழுதின புரோகிராம்?"

"நான்தான்."

"ம்ம்," என்றாள். அந்த 'ம்ம்' எனக்குப் பிடிக்கவில்லை. நாளை விடுமுறை என்பதால் மேலே பேசாமல் கிளம்பிவிட்டாள். மூன்று மணிக்கெல்லாம் அலுவலகம் காலி. எல்லோருக்கும் விடுமுறைக்குப் போகக் காட்டில் ஒரு மரவீடு இருக்கிறது, என்னைத் தவிர.

நவம்பர் 3, வியாழன்

பியெல்காவிலிருந்து நன்றிக் கடிதம். இந்த வேலையில் நன்றி வருவது வருடத்துக்கு ஒரு முறை. ஆசையாகத் திறந்தேன்.

என் பதிலை அச்செடுத்து, மேலே ஊர் முத்திரை குத்தி, நேற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன்னால், போன வாரமே மன்றக் கூட்டத்தில் கோட்னா அதைச் சத்தமாக வாசித்தாராம். படமும் அனுப்பியிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால், நாய் வரி அறிவிப்புக்கும் லிண்டன் மரம் வெட்டும் அறிவிப்புக்கும் நடுவில் நான். 'அவர் பாஸ்வேர்டைத் தர விரும்பவில்லை என்று பொருள்.' கீழே என் பெயர்.

'நிபுணரின் கருத்து வந்தபிறகு ஊருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறார். வர்சால் இருபத்து நான்கு வருடம் தலைவராக இருந்தவராம். தோற்ற கோபத்தில் கணினியைப் பூட்டிவிட்டார் என்று ஏற்கெனவே பேச்சு இருந்திருக்கிறது. இப்போது அது தாளில் வந்துவிட்டது. கூட்டத்தில் வாசித்து முடித்ததும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். மன்றத்தில் இன்னும் உறுப்பினர்தான், இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பீர்க்கடைக்கும் வருவதில்லை. மளிகைக் கடைக்கு அவர் மனைவி வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. 'பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. இன்னும் அதே கதையைத்தான் சொல்கிறார்.'

எனக்கென்ன. நான் எழுதியது சரிதானே.

சரிதானே?

நவம்பர் 4, வெள்ளி

அந்த முதல் புகாரைத் திரும்பத் திறந்தேன். கடைசி வரை படித்தேன். போன வாரம் பாதியில் விட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசிப் பத்தியில் இருக்கிறது: 'பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் வர்சாலின் பெயர் வருவதில்லை, மார்த்தா என்று வருகிறது. மார்த்தா எங்கள் பழைய எழுத்தர். நான்கு வருடம் முன்பே ஓஸ்த்ராவாவுக்குக் குடிபோய்விட்டார்.'

நிர்வாகி யாரோ அவர் பெயரைத்தான் அந்தப் பெட்டி காட்டும். வர்சால் இன்னும் நிர்வாகியாக இருந்தால் அவர் பெயர் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சோதனைக் கணினி ஒன்றில் மூன்று கணக்குகள் போட்டேன். வர்சால், மார்த்தா, பிளாங்கா. முதல் இரண்டு பேரும் நிர்வாகிகள். மார்த்தாவின் கணக்கைப் பூட்டினேன், ஊரை விட்டுப் போனவரின் கணக்கைப் பொறுப்பான எவனும் பூட்டுவான். பிறகு வர்சாலாக உள்ளே போய், என்னை நானே சாதாரணப் பயனராக மாற்றினேன். தடுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுக்கவில்லை. ஓர் எச்சரிக்கைகூட இல்லை. நான்கு நிமிட வேலை.

என் தடை பட்டியலில் எத்தனை பெயர் என்றுதான் எண்ணுகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் உள்ளே வர முடியுமா என்று பார்ப்பதே இல்லை. பூட்டிய மார்த்தாவும் ஒன்று. ஆக இன்னொரு நிர்வாகி இருக்கிறார், நீங்கள் தாராளமாகப் போகலாம். போன பிறகு பிளாங்காவைச் சேர்க்கப் போனால் மார்த்தாவின் பாஸ்வேர்டு கேட்கிறது. எதை அடித்தாலும் திறக்காது. பூட்டிய கணக்கு.

அந்த ஆள் சொன்னது அத்தனையும் உண்மை. அத்தனையும். நான் அவரப் பொய்யன்னு எழுதிட்டேன். பேரு போட்டு. அதுக்கு மேல முத்திரை வேற. என்னடா பண்ணி வெச்சிருக்க ஹினெக்கு, படிக்கக்கூட பொறுமை இல்லாம...

நவம்பர் 5, சனி

திருத்தத்தை எழுதிவிட்டேன். மூன்று வரி. பூட்டிய கணக்குகளை எண்ணாதே, அவ்வளவுதான். சோதனைகளும் எழுதினேன்.

அடுத்த வெளியீட்டில் யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடும். பலகையில் இருக்கிற தாள் பதினைந்து நாளில் தானாக இறங்கிவிடும். பியெல்காவில் யார் எங்கள் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கப் போகிறார்கள்?

இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன். நான்தான் எழுதினேனா?

நவம்பர் 7, திங்கள்

ராட்கா திருத்தத்தைப் படித்தாள். "நல்லா இருக்கு. சேத்துடறேன்." பலகையின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி முத்திரையைக்கூடப் பார்த்தாள்.

"கம்பெனி பேர்ல ஒரு விளக்கம் குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"கடைசி வரிய கம்பெனியா எழுதுச்சு?"

"இல்ல."

"அப்ப?"

திட்டுவாள் என்று நினைத்தேன். போய் இரண்டு காபி கொண்டுவந்து ஒன்றை என் பக்கம் தள்ளினாள். "எழுதுறதுக்கு முன்னாடி போன் பண்ணு. உன் எழுத்த நான் நம்பல," என்றாள்.

நவம்பர் 8, செவ்வாய்

போன் செய்தேன். எடுத்தவுடன் கோட்னாவே பேசினார். அந்த அலுவலகத்தில் அவர் மட்டும்தானாம்.

சொன்னேன். வர்சால் சொன்னது சரி, என் மென்பொருள்தான் தவறு என்று.

"தம்பி, நான் அதக் கூட்டத்துல படிச்சேன்," என்றார். "அவரு ரெண்டாவது நாற்காலில உக்காந்திருந்தாரு. நிமிந்து பாத்துக்கிட்டே படிச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

"தப்பு என்னோடதுங்க."

"உங்களோடது எழுதினதோட முடிஞ்சிடுச்சு. முத்திர குத்தினது யாரு?"

இன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள் என்றேன்.

"முடியாது. பலகைல ஏறினா பதினஞ்சு நாள் இருந்துதான் ஆகணும். சட்டம். பக்கத்துல இன்னொண்ணு ஒட்டலாம். போன்ல சொன்னத ஒட்ட முடியாது, பேப்பர் அனுப்புங்க. கையெழுத்தோட."

நவம்பர் 10, வியாழன்

முதல் வரைவு: 'குறிப்பிட்ட ஒரு நிலையில், எண்ணிக்கைச் சரிபார்ப்பு தவறான விளைவைத் தந்துள்ளது.' மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்டேன். கோட்னாவின் பதில்: 'இதை எங்கள் ஊரில் படித்தால் வர்சால் வாக்கு எண்ணிக்கையிலும் ஏதோ செய்துவிட்டார் என்பார்கள்.'

இரண்டாவது: 'மென்பொருளில் ஒரு பிழை இருந்தது கண்டறியப்பட்டுள்ளது.' பதில்: 'யார் வைத்த பிழை? வர்சாலா?'

எட்டு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். கண்டறியப்பட்டுள்ளது, சரிசெய்யப்பட்டுள்ளது. ஆளே இல்லாத வாக்கியங்கள். ஆளோடு ஒன்று எழுத வரவில்லை எனக்கு.

நேரில் போகிறேன். கணினியையும் சரி செய்துவிட்டு வரலாம்.

நவம்பர் 12, சனி

இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். அலுவலகம் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு மேலே ஒரே அறை. கோட்னா சாவியோடு வாசலில் நின்றார். ஐம்பது வயது, தபால் நிலையத்து நீலக் கோட்டு. தபால்காரர் வேலையும் பார்க்கிறார், காலையில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார்.

கணினியைப் பாஸ்வேர்டு கேட்காத மீட்பு முறையில் கிளப்பினேன். பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க ஒரே வரி. மார்த்தாவின் பெயரை எடுக்க இன்னொரு வரி. மொத்தம் பதினொரு நிமிடம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்ப யார் வேணாலும் வந்து உக்காந்து இதப் பண்ணிடலாமா?"

"டிஸ்க்கப் பூட்டி வைக்கலைன்னா பண்ணலாம். பூட்டித் தர்றேன்."

"இந்தப் பதினொரு நிமிஷத்துக்கா அந்த மனுஷன..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வர்சால் வீட்டுக்குத் தானும் வரட்டுமா என்று கோட்னா கேட்டார். வேண்டாம் என்றேன். வழி மட்டும் காட்டினார்.

கேட்டைத் திறந்தது அவர் மனைவி. "புர்னோவா? அந்தப் பேப்பர்ல இருக்கிற பேரு நீங்கதானா?" ஆமாம் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தேன். "கழட்ட வேணாம். வீட்டுக்குள்ள வர்றதா இருந்தாத்தானே? அவரு பின்னாடி இருக்காரு."

பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். டெலிபோன் கம்பத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம், இன்னும் அந்தத் தோள். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கட்டையில் இறக்கிவிட்டு நின்றார்.

"வாங்க இன்ஜினியர் சார். பாஸ்வேர்டுக்கா வந்தீங்க? தர்றேன், எழுதிக்குங்க. ஊரே எழுதிக்கட்டும். அத வெச்சு ஒண்ணும் திறக்காதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"தெரியும் சார். நீங்க சொன்னது சரி. தப்பு என்னோடது."

விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்.

"மார்த்தா போனப்ப அவ கணக்க நான் பூட்டினேன். அது தப்பா?"

"இல்ல, சரி."

"பதினேழாம் தேதி என் பேர எடுத்தேன். அது?"

"அதுவும் சரிதான். ஆனா அவங்கள முதல்ல சேத்துட்டு, அப்புறம் உங்கள எடுத்திருந்தா..."

"அவங்கள முதல்ல சேக்குறதா? அப்ப ஒரு ஆபீசுக்கு ரெண்டு தலைவரா?"

"ஒரு நிமிஷம்தானே சார்."

"ஒரு நிமிஷம்னாலும் ரெண்டு பேரு ரெண்டு பேருதான். அன்னிக்குக் கூட்டத்துல எப்படிப் பண்ணோம்? முதல்ல நான் முத்திரைய மேச மேல வெச்சேன். சாவிய வெச்சேன். கைய எடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் அந்தம்மா எடுத்தாங்க. மேல வந்து கம்ப்யூட்டர்லயும் அதே முறைலதான் பண்ணேன்."

"கம்ப்யூட்டர்ல அப்படி முடியாது. நடுவுல ஒரு நொடிகூட யாரும் இல்லாம இருக்கக் கூடாது."

"அப்ப உங்க கம்ப்யூட்டர்ல மேச இல்ல," என்றார். "எனக்கு எப்படிங்க தெரியும்?"

எந்த விவாதத்திலும் வாயை மூடாதவன். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் பொய் சொல்லலன்னு எனக்குத்தான் தெரியுமே," என்று கோடாலியைப் பிடுங்கினார். "கடைக்குப் போறது என் வீட்டுக்காரி. அவ தலைய நிமித்திக்கிட்டுப் போகணும். அதுக்கு என்ன வழின்னு பாருங்க."

அடுத்த கட்டையை எடுத்து வைத்தார். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 14, திங்கள்

எழுதிவிட்டேன். பஸ்ஸிலேயே ஆரம்பித்தது. பதிவுத் தபாலில் போயிற்று. நகல் இங்கே இருக்கட்டும்:

'பியெல்கா மக்களுக்கு. அக்டோபர் 25 அன்று நான் எழுதியது தவறு. திரு. அலோயிஸ் வர்சால் எந்தப் பாஸ்வேர்டையும் மறைக்கவில்லை. பதவியை ஒப்படைத்த அன்று அலுவலகக் கணினியிலும் தன் உரிமையை விட்டார். ஊரை விட்டுப் போன எழுத்தரின் பூட்டிய கணக்கை என் மென்பொருள் இரண்டாவது நிர்வாகி என்று எண்ணிவிட்டது. அதனால் கணினி யாருக்கும் திறக்காமல் போனது. அந்தப் பகுதியை எழுதியவன் நான். திருமதி கோட்னா அனுப்பிய புகாரில் காரணம் இருந்தது. நான் அதைக் கடைசி வரை படிக்காமல் பதில் எழுதினேன். திரு. வர்சால் சொன்னது முழுவதும் உண்மை. அவரிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

தன் பெயரையும் தவறு செய்தவர்களில் சேர்க்கச் சொன்னார் கோட்னா. சேர்க்கவில்லை. அவருடையதை அவர் எழுதட்டும்.

நவம்பர் 16, புதன்

படம் வந்தது. பலகையில் பழைய தாள், பக்கத்தில் புதியது, அதற்குக் கீழே கோட்னாவின் கையால் எழுதிய நான்கு வரி. முத்திரை மூன்றிலும் இருக்கிறது. கண்ணாடியில் யாரோ இரண்டு பேர் நின்று படிப்பது தெரிகிறது.

நவம்பர் 22, செவ்வாய்

எங்கள் பொறியாளர்களின் இணையக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன்: 'ஒப்படை' என்று ஒரு பொத்தான். உரிமை என்னிடமிருந்து போய் நான் காட்டுகிற ஆளிடம் சேரும், ஒரே நொடியில். நடுவில் இரண்டு நிர்வாகிகளும் இருக்க மாட்டார்கள், யாருமே இல்லாமலும் இருக்காது.

ரொம்ப அரிதான தேவை, வேண்டாம் என்றார்கள். கால் மணி நேரம் சண்டை போட்டேன். தோற்றேன்.

"எழுதி வை. யாராவது கேட்டா எடுத்துக்கலாம்," என்றாள் ராட்கா.

"ஒருத்தரு கேட்டுட்டாரு."

"ஒருத்தரு போதாதுடா."

எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரியில் மறுபடி கேட்பேன்.

நவம்பர் 29, செவ்வாய்

திருத்தம் வெளியாகிவிட்டது. இன்று ஐம்பத்திரண்டு புகார்கள். ஒன்பதுதான் மூட முடிந்தது. நீளமாக எழுதுகிறார்கள் ஜனங்கள்.

டிசம்பர் 6, செவ்வாய்

பியெல்காவிலிருந்து ஒன்றும் இல்லை. நானாகக் கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை?

டிசம்பர் 16, வெள்ளி

ஊர் மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை இணையத்தில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. யாரையும் கேட்காமல் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்றுத்தான் தோன்றியது.

கூட்டம் புதன்கிழமை நடந்திருக்கிறது. வந்திருந்தவர்கள்: ஏழு பேரும்.

முதல் வேலையே, குறிப்பில் எழுதுவது நடந்ததுதானா என்று சரிபார்த்துக் கையெழுத்திட ஆள் தேர்ந்தெடுப்பது. எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், பெரும்பாலும் யார் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் தலையில் கட்டுவார்கள். இங்கே தலைவர் கோட்னா முன்மொழிந்திருக்கிறார்: அ. வர்சால். ஆதரவு ஆறு. எதிர்ப்பு இல்லை. வாக்களிக்காதவர் ஒருவர், அ. வர்சால்.

மற்றதெல்லாம் லிண்டன் மரம், பனி அள்ளும் வண்டி, தீயணைப்புக் கொட்டகைக் கூரை. ஒன்பது பக்கம். கடைசி வரை படித்தேன். அடியில் அவர் கையெழுத்து, பேனாவை நன்றாக அழுத்தி.